பெயர் வைத்த நெடுஞ்சாலைகள்: சின்னங்களைச் சேர்ப்பதும் வரைவதும்

அமெரிக்க நெடுஞ்சாலைச் சின்னங்களைச் சேர்க்கிறேன், வரைகிறேன் என்று சொன்னால் உடனே இரண்டு கேள்விகள் வரும். "கம்பத்திலிருந்து கழற்றிக்கொண்டு வருவீர்களா?" என்பது ஒன்று. "கூகுளில் தேடினால் படம் கிடைக்குமே, எதற்குத் திரும்ப வரைய வேண்டும்?" என்பது இன்னொன்று. கேட்பவர்கள்மேல் குறை இல்லை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள், நானும் சேர்த்துத்தான், படிப்பவருக்கு அடிப்படை தெரியும் என்று நினைத்துக்கொண்டு நேராக நடுவிலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம். சாலை, வழித்தடம், பெயர், எண், சின்னம் என்ற ஐந்தும் ஒன்றோடொன்று கலந்துபோய்க் கிடக்கின்றன. எண் இல்லாமல் பெயரால் அறியப்படும் நெடுஞ்சாலைகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அதனால் இங்கே முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸும் தண்டவாளமும்

சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, 12637 என்று ஓர் எண்ணும் இருக்கிறது. ஆனால் அது ஓடுகிற தண்டவாளம் அதற்கு மட்டும் சொந்தமில்லை. வைகை எக்ஸ்பிரஸும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது, சரக்கு ரயில்களும் ஓடுகின்றன. "பாண்டியன்" என்பது இரும்புக்கு வைத்த பெயர் இல்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் பயணத்துக்கு வைத்த பெயர்.

சாலைகளிலும் இதேதான். மண்ணைக் கெட்டித்து, ஜல்லி கொட்டி, தார் போட்டது சாலை. அந்தச் சாலைகளில் எவற்றைத் தொட்டு, எங்கே திரும்பி, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒரு அரசோ சங்கமோ முடிவு செய்து அறிவிப்பது வழித்தடம். வழித்தடத்துக்கு எண் இருக்கலாம், பெயர் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம்.

நமக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு ஜி.எஸ்.டி. ரோடு. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பது பிரிட்டிஷ்காரர்கள் காலத்துப் பெயர். பல ஆண்டுகள் அதன் எண் தேசிய நெடுஞ்சாலை 45. 2010-ல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது தாம்பரம், செங்கல்பட்டு வழியாகப் போகும் பகுதிக்கு 32 என்ற எண் வந்தது. எண் மாறியது, தார் மாறவில்லை. பெயரும் மாறவில்லை. இன்றைக்கும் தாம்பரத்தில் யாரிடம் வழி கேட்டாலும் ஜி.எஸ்.டி. ரோடு என்றுதான் சொல்வார்கள்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ரெட் விங், லேக் சிட்டி என்று இரண்டு சிறிய ஊர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே சாலைதான். ஆனால் யு.எஸ். 61 என்ற வழித்தடமும், யு.எஸ். 63 என்ற வழித்தடமும், கிரேட் ரிவர் ரோடு என்ற பெயர் வைத்த வழித்தடமும் அதன்மேலேயே போகின்றன. ஒரு தார்ப்பரப்பு, மூன்று வழித்தடங்கள். லேக் சிட்டி வந்ததும் 63 ராச்செஸ்டர் பக்கம் பிரிந்துவிடும். 61-உம் கிரேட் ரிவர் ரோடும் ஆற்றை ஒட்டியே வினோனாவை நோக்கிப் போகும்.

அப்படியானால் வண்டி ஓட்டுகிறவருக்கு எந்த வழித்தடத்தில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கம்பத்தில் சின்னம் வைக்கிறார்கள். இந்தச் சின்னத்துக்கு எங்கள் வட்டாரத்தில் ஷீல்டு என்று பெயர். முதன்முதலில் வந்த யு.எஸ். எண் பலகை கேடய வடிவத்தில் இருந்ததால் வந்த பெயர் இது. இப்போது வட்டமாக இருந்தாலும், முக்கோணமாக இருந்தாலும், சக்கரமாக இருந்தாலும் ஷீல்டு என்றே சொல்கிறோம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சாலை என்பது பொருள், வழித்தடம் என்பது தீர்மானம். ஷீல்டு அந்தத் தீர்மானத்தின் அடையாளம். ஆகவே ஒரு ஷீல்டைப் பார்த்ததும் "இது எந்தச் சாலையின் படம்?" என்று கேட்பதைவிட "இந்த வழித்தடத்தை யார் தீர்மானித்தார்கள்?" என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எண்ணுக்கு முன்னால் பெயர் இருந்தது

பலர் நினைப்பதற்கு நேர்மாறான வரலாறு இது. முதலில் எண் வந்து, பிறகு அலங்காரத்துக்காகப் பெயர் வைத்தார்கள் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் பெயர்தான் முதலில் வந்தது. அதுவும் அரசு வைத்த பெயர் இல்லை.

1910-களில் கார் வாங்கியவர்களுக்கு ஊர்விட்டு ஊர் போக ஒழுங்கான சாலையும் கிடையாது, வழி சொல்லும் பலகையும் கிடையாது. இருந்த மண்சாலைகளைக் கோத்து நெடுந்தூர வழித்தடம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, வழியிலுள்ள ஊர்களிலிருந்து சந்தா வாங்கி நடத்தும் தனியார் சங்கங்கள் முளைத்தன. பெரும்பாலும் அவர்கள் புதிதாகச் சாலை போடவில்லை. தந்திக் கம்பங்களில் வண்ணப் பட்டை அடித்தார்கள். அந்தப் பட்டைகள்தான் இன்றைய ஷீல்டுகளின் பாட்டன்மார்.

லிங்கன் ஹைவே 1913-ல் அறிவிக்கப்பட்டது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பார்க் வரை போகும் வழித்தடம். முன்னின்று நடத்தியவர் கார்ல் ஃபிஷர், இண்டியானாபொலிஸ் கார் பந்தயத் திடலை உருவாக்கியவர்களில் ஒருவர். அதன் அடையாளம் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டைகள், நடுவிலுள்ள வெள்ளையில் நீல நிற 'எல்' எழுத்து. மியாமி வரை போன டிக்ஸி ஹைவேக்கு 'டி.எச்.' எழுத்துகள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து கனடாவின் வின்னிபெக் வரை போன ஜெஃபர்சன் ஹைவேக்கு 'ஜே', 'எச்' இரண்டும் பின்னிய முத்திரை.

எனக்கு மிகவும் பிடித்தது எல்லோஸ்டோன் டிரெயிலின் சின்னம். 1912-ல் தெற்கு டக்கோட்டாவில் தொடங்கிய சங்கம் அது. மஞ்சள் வட்டம், அதற்குள் ஒரு கறுப்பு அம்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த அம்பு எப்போதும் எல்லோஸ்டோன் பூங்கா இருக்கும் திசையையே காட்டும். கிழக்கிலிருந்து வருகிறவருக்கும் மேற்கிலிருந்து வருகிறவருக்கும் ஒரே பலகை வேலை செய்யும்: பூங்காவுக்குப் போக வேண்டுமானால் அம்பைத் தொடரு, வீட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் அம்புக்கு எதிராகப் போ. கம்பம் இல்லாத வெட்டவெளியில் பாறைகளுக்கே மஞ்சள் அடித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் வழி சொன்ன சின்னம் அது. நூறு வருடம் கழித்தும் அதைவிடத் தெளிவான வழிக்குறியை நான் பார்க்கவில்லை.

சிக்கல் எங்கே வந்தது? 1920-களின் நடுவில் இப்படிப்பட்ட பெயர் வழித்தடங்கள் சுமார் 250 இருந்தன. ஒரே கம்பத்தில் நாலைந்து பட்டைகள். ஒரே பெயரில் பல கிளைகள். சந்தா கொடுத்த ஊருக்காக வழித்தடத்தை வளைத்துச் சுற்றவிட்ட சங்கங்களும் இருந்தன. விஸ்கான்சின் மாநிலம் 1918-லேயே எண் முறையைக் கொண்டுவந்து, முக்கோண வடிவில் பலகை வைத்துவிட்டது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் வந்தன. 1926 நவம்பர் 11 அன்று நாடு தழுவிய யு.எஸ். எண் முறை ஒப்புதல் பெற்றது. கிழக்கு மேற்காகப் போவதற்கு இரட்டைப்படை எண், தெற்கு வடக்காகப் போவதற்கு ஒற்றைப்படை எண். கேடய வடிவத்தின் முதல் கிறுக்கல் மிச்சிகன் மாநில அதிகாரி ஃபிராங்க் ராஜர்ஸ் கைப்படப் போட்டது.

லிங்கன் ஹைவே துண்டு துண்டாகப் பல எண்களுக்குள் போய்விட்டது. பெரும்பகுதி யு.எஸ். 30 ஆனது. சங்கத்தார் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கடைசியாக ஒரு காரியம் செய்தார்கள். 1928 செப்டம்பர் 1 அன்று நாடெங்கும் சாரணச் சிறுவர்களைக் கொண்டு 2400-க்கும் மேற்பட்ட கான்கிரீட் தூண்களை வழிநெடுக நடவைத்தார்கள். ஒவ்வொன்றிலும் லிங்கன் முகம் பதித்த வெண்கலப் பதக்கம், 'எல்' முத்திரை, திசைக்கேற்ப அம்பு. இன்று மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் நிற்பதற்காகவே மணிக்கணக்கில் வண்டி ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் போயிருக்கிறேன்.

இன்றைய பெயர்கள் எல்லாம் ஒரே வகை இல்லை

எண்கள் வந்த பிறகும் பெயர்கள் சாகவில்லை. ஆனால் இன்று கம்பத்தில் ஒரு பெயரைப் பார்த்தால் அது எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

சில பெயர்களுக்குச் சொந்தச் சாலையே இருக்கிறது. 1940-ல் திறந்த பென்சில்வேனியா டர்ன்பைக் அப்படி. டர்ன்பைக் என்றால் சுங்கச் சாலை. அதன் சின்னம் வளைவுக் கட்டடங்களின் உச்சியில் வைக்கும் தலைக்கல்லின் வடிவம், அந்த மாநிலத்தின் அடையாளமே அதுதான். நியூஜெர்சியின் கார்டன் ஸ்டேட் பார்க்வே பச்சையும் மஞ்சளுமாக மாநில வரைபடத்தையே சின்னமாக வைத்திருக்கிறது. நாஷ்வில்லிலிருந்து நாட்செஸ் வரை 444 மைல் போகும் நாட்செஸ் டிரேஸ் பார்க்வேயை தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது, அதன் சின்னத்தில் குதிரைமேல் ஒரு தபால்காரர். இவையெல்லாம் தனக்கென்று தனித் தண்டவாளம் போட்டுக்கொண்ட ரயில் மாதிரி.

சில பெயர்கள் மற்றவர்களின் சாலைமேல் சவாரி செய்பவை. கிரேட் ரிவர் ரோடு இந்த வகை. 1938-ல் மிசிசிப்பிக் கரையிலுள்ள மாநிலங்கள் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. மினசோட்டாவில் தொடங்கி லூசியானா வரை பத்து மாநிலங்களில் ஆற்றை ஒட்டிப் போகிறது. மினசோட்டாக் கரையில் யு.எஸ். 61-இன் முதுகில் ஏறிக்கொள்ளும், எதிர்க்கரையான விஸ்கான்சினில் மாநில வழித்தடம் 35-இன் முதுகில். பச்சை நிறத்தில் படகோட்டியின் சுக்கான் சக்கரம் அதன் சின்னம். எண் பலகைக்குக் கீழேயோ பக்கத்திலோ அது தொங்கும். சுப்பீரியர் ஏரியைச் சுற்றிவரும் வழித்தடத்துக்கு அந்த ஏரியின் உருவமே சின்னம்.

மூன்றாவது வகை நினைவுப் பெயர். சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒரு வீரரின் பெயரையோ தலைவரின் பெயரையோ ஒரு துண்டுச் சாலைக்கு வைக்கும். சிலசமயம் முழு நீளத்துக்கும் வைப்பார்கள்: யு.எஸ். 6 உள்நாட்டுப் போரில் வட தரப்புக்குப் போரிட்டவர்களின் நினைவாக கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் ஹைவே என்ற பெயரையும் சுமக்கிறது. இந்தப் பெயரைக் கொண்டு யாரும் வழி தேடிப் போக வேண்டியதில்லை. அதனால்தான் திருப்பம் தோறும் அது இருக்காது, ஒரு திசைக்கு ஒரு பலகை வைத்தால் அதுவே அதிகம். அமெரிக்காவின் சாலைப் பலகைகளுக்கெல்லாம் விதி சொல்லும் ஒரு மத்தியக் கையேடு உண்டு. 1935-ல் முதல் பதிப்பு வந்தது, 2023 டிசம்பரில் பதினோராவது பதிப்பு வந்தது. நினைவுப் பெயர்களை வழிகாட்டும் பலகைகளில் கலக்கக் கூடாது என்பது அதிலுள்ள விதி. ஓட்டுநரின் கண்ணுக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நொடிகளில் வழிக்கு உதவாத எழுத்து எதுவும் இடத்தை அடைக்கக் கூடாது என்பதே காரணம்.

ஆக, பெயர் இருப்பதெல்லாம் ஷீல்டு இல்லை. தொடர்ந்து போகச் சொல்லும் சின்னம் ஷீல்டு. நின்று நினைக்கச் சொல்வது நினைவுப் பலகை. இரண்டையும் சேர்க்கலாம், வரையலாம், ஆனால் ஒரே பெட்டியில் போட்டுக் கலக்கக் கூடாது.

சேர்ப்பது என்றால் கழற்றுவது அல்ல

இதை அழுத்தியே சொல்ல வேண்டும். கம்பத்தில் இருக்கும் பலகை பொதுச்சொத்து. அதைக் கழற்றுவது திருட்டு, பல சமயம் அதைவிட மோசம். 1996-ல் ஃப்ளோரிடாவில் ஒரு சந்திப்பில் நிறுத்தச் சொல்லும் பலகை பெயர்ந்து கிடந்தது. அது தெரியாமல் வந்த கார்மேல் லாரி மோதி, 18 வயது இளைஞர்கள் மூன்று பேர் இறந்தார்கள். வழித்தடச் சின்னம் போனால் யாரும் சாக மாட்டார்கள் என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவில், மழையில், பழக்கமில்லாத சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவழியில் பிரேக் போடுகிறவரை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

திருட்டு வரலாற்றையே மாற்றியிருக்கிறது. யு.எஸ். 666 என்ற எண்ணைப் பைபிளில் வரும் சாத்தானின் எண்ணோடு சேர்த்துப் பேசுவார்கள், அதனால் பலகைகள் ஓயாமல் காணாமல் போயின. 2003-ல் அந்த எண்ணையே 491 என்று மாற்றினார்கள். எண்ணுக்கு இருந்த கெட்ட பெயரோடு பலகைத் திருட்டும் அதற்கு ஒரு காரணம். ரூட் 66 என்று புகழ்பெற்ற யு.எஸ். 66-இன் கதை இன்னும் வருத்தம் தருவது. 1985-ல் அந்த வழித்தடம் அரசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பிறகு பழைய பாதையை அடையாளம் காட்ட வைத்த பலகைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் பல இடங்களில் ஷீல்டைத் தார்மேலேயே பெயிண்டால் வரைந்துவிட்டார்கள்.

சரி, நேர்மையாக எப்படிச் சேர்ப்பது? எங்களில் பெரும்பாலோர் சேர்ப்பது புகைப்படங்களைத்தான். எந்த ஊர், எந்தச் சந்திப்பு, எந்த நாள் என்ற குறிப்போடு ஒரு நேர்படம் கிடைத்தால் அதுவே ஒரு சேகரிப்புப் பொருள். ஓட்டிக்கொண்டே எடுக்காதீர்கள். வண்டியை ஓரங்கட்ட முடிந்த இடத்தில் நிறுத்தி இறங்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள்.

பலகையையே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி உண்டு. பழுதான, மாற்றப்பட்ட பலகைகளைச் சில அரசுத் துறைகள் ஏலத்தில் விடுகின்றன. பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும், எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். பழைய பலகையின் உடம்பே அதன் காலத்தைச் சொல்லும். கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகள் சாலைப் பலகைகளை வைத்தது அரசு அல்ல, இரண்டு மோட்டார் சங்கங்கள். அவர்கள் வைத்தவை நம் வீட்டுப் பழைய பீங்கான் பூசிய கிண்ணம் மாதிரி, இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சு சுட்டு ஏற்றியவை. அப்புறம் வந்த எஃகுத் தகடுகளில் எண்ணை அச்சில் அழுத்தி எழுப்பியிருப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எண் தெரியும். இன்றையவை அலுமினியத் தகட்டின்மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் ஒட்டியவை.

வரைவது: புகைப்படமும் கோலப்புள்ளியும்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். படம் இருக்கும்போது ஏன் வரைய வேண்டும்?

வாசலில் போட்ட கோலத்தைப் போனில் படம் எடுக்கிறீர்கள். அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சதுரம் சதுரமாகக் கலங்கிவிடும். அதே கோலத்தை அம்மா பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்? "பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டில் நிறுத்து" என்று சொல்லி, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு வளைக்க வேண்டும் என்று காட்டுவார். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு உள்ளங்கை அளவிலும் போடலாம், தேர் வீதி அளவிலும் போடலாம். கோலம் கலங்காது.

கணினியில் முதல் வகைப் படம் புள்ளிப்படம், இரண்டாவது வகை வெக்டர் படம். வெக்டர் என்றால் இங்கே வேறொன்றுமில்லை: ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சேமிக்காமல், கோட்டையும் வளைவையும் போடும் குறிப்பைச் சேமிப்பது. நாங்கள் ஷீல்டு வரைவது என்று சொல்வது இந்தக் குறிப்பை எழுதுவதைத்தான். ஆக, அது நகலெடுப்பு இல்லை. அந்தச் சின்னத்தை முதலில் வடிவமைத்தவர் எந்த அளவுகளை வைத்திருந்தார் என்று கண்டுபிடித்துத் திரும்பக் கட்டுவது.

எண் ஷீல்டுகளுக்கு இது சுலபம், ஏனென்றால் அளவுகள் அச்சில் இருக்கின்றன. சாதாரண யு.எஸ். எண் பலகை 24 அங்குலச் சதுரம், அதில் எண்ணின் உயரம் 12 அங்குலம். மூன்று இலக்க எண் என்றால் பலகையின் அகலம் 30 அங்குலமாகிவிடும். எழுத்துகளுக்கும் தனிக் குடும்பம் உண்டு, ஹைவே காதிக் என்று அதை அழைப்பது வழக்கம். பி என்ற ஒடுங்கிய வடிவிலிருந்து எஃப் என்ற அகன்ற வடிவு வரை போகும். நிறமும் எழுதி வைத்தது: நெடுஞ்சாலைப் பச்சை என்றால் பேன்டோன் அட்டையில் 342. பேன்டோன் என்பது அச்சகங்கள் நிறத்தை எண்ணால் குறிக்கும் முறை. வெயிலில் வெளுத்த பலகையின் புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கிறவர்கள் செய்யும் தவறு இதனால் தவிர்க்கப்படும்.

பெயர் வைத்த நெடுஞ்சாலைகளுக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு நிர்வாகமும் தன் சின்னத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டது. அளவு எழுதிய வரைபடம் வெளியே வந்திருக்காது, பழைய சங்கங்களுக்கு அப்படி ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். அங்கேதான் வரைகிறவரின் வேலை ஆரம்பமாகிறது.

கிரேட் ரிவர் ரோட்டின் சக்கரத்தை நான் முதலில் வரைந்தபோது புகைப்படத்தின்மேல் கோடு இழுத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. ஒருநாள் அதன்மேல் ஒரு சரியான வட்டத்தை வைத்துப் பார்த்தேன், என் சக்கரம் முட்டை வடிவில் இருந்தது. காரணம் எளிது. பலகை நம் கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. கீழிருந்து எடுத்த படத்தில் மேல்பகுதி சுருங்கித்தான் தெரியும். அந்தச் சுருக்கத்தையும் சேர்த்து நான் வடிவமாக வரைந்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தபோது கோடு இழுக்கவில்லை, எண்ணினேன். சக்கரத்தில் எத்தனை ஆரங்கள் என்று எண்ணி, 360-ஐ அதனால் வகுத்து, ஒரே ஒரு ஆரத்தை ஒழுங்காக வரைந்து, அந்தக் கோணத்தில் சுற்றிச் சுற்றி நகல் வைத்தேன். வடிவமைத்தவரும் அப்படித்தான் செய்திருப்பார், எந்த மனிதரும் ஒவ்வொரு ஆரத்தையும் தனித்தனியாக வரைந்திருக்க மாட்டார்.

தெரியாத அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பெயர்ச் சின்னத்தோடு ஒரே கம்பத்தில் எண் ஷீல்டு தொங்கினால் அதன் 24 அங்குலம்தான் உங்கள் அளவுகோல். இரண்டும் ஒரே தளத்தில் இருப்பதால் விகிதம் பிசகாது. புகைப்படம் எடுக்கும்போதே இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். நெருக்கத்தில் சின்னத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்து வருந்திய நாட்கள் எனக்கு உண்டு.

எந்தக் காலத்துச் சின்னம் என்பதும் முக்கியம். ரூட் 66 என்றதும் "ரூட்" என்ற சொல்லும் எண்ணும் போட்ட கேடயம் ஒன்று மனத்தில் வருகிறதல்லவா? அது பனியன்களும் காந்த வில்லைகளும் விற்றவர்கள் பரப்பிய உருவம். பழைய அரசுப் பலகையில் மேலே மாநிலத்தின் பெயர் இருக்கும், கோட்டுக்குக் கீழே "யு.எஸ்." என்றும் எண்ணும் இருக்கும். பிற்காலத்தில் மாநிலப் பெயர் போனது, "யு.எஸ்." எழுத்தும் போனது. கலிஃபோர்னியா மட்டும் இன்றும் அந்த எழுத்தையும், கேடய உருவத்திலேயே வெட்டிய தகட்டையும் விடாமல் வைத்திருக்கிறது. ஆகவே "ரூட் 66 ஷீல்டு" என்று மட்டும் பெயரிட்ட படம் பாதித் தகவல்தான். எந்த மாநிலம், எந்த ஆண்டுவாக்கில் என்பதும் சேர வேண்டும். (சின்னம் மாறாமல் பொருள் மாறிய கதையும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநில வழித்தடப் பலகையில் ஒரு கிழவரின் முகம் போன்ற மலைப்பாறை இருக்கும். அந்தப் பாறை 2003 மே 3 அன்று இடிந்து விழுந்துவிட்டது. பலகையில் கிழவர் இன்னும் இருக்கிறார்.)

சுருக்கமாக: புகைப்படம் ஒரு சாட்சி, வரைபடம் அந்தச் சாட்சியை வைத்து எடுத்த முடிவு. சாட்சி கோணலாக இருக்கலாம், வெளுத்திருக்கலாம். முடிவில் அந்தக் கோணலும் வெளுப்பும் வரக் கூடாது.

வரைந்ததை என்ன செய்யலாம்?

மேலே சொன்ன மத்தியக் கையேட்டிலுள்ள வடிவங்கள் பொதுச்சொத்து என்று கையேடே அறிவிக்கிறது. யாரும் வரையலாம், வெளியிடலாம். அதில் முக்கியமான விலக்கு, இன்டர்ஸ்டேட் என்ற நாடு தழுவிய அதிவேகச் சாலைகளின் சிவப்பும் நீலமுமான ஷீல்டு. டெக்சாஸ் பொறியாளர் ரிச்சர்ட் ஆலிவர் வடிவமைத்து 1957-ல் ஏற்கப்பட்ட அது, மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் கூட்டமைப்புக்குச் சொந்தமான வணிகச் சின்னம்.

பெயர் வைத்த நெடுஞ்சாலைகளின் சின்னங்கள் பெரும்பாலும் இந்தக் கையேட்டுக்கு வெளியே இருப்பவை. சுங்கச் சாலை நிர்வாகங்கள் தங்கள் சின்னத்தை வணிகச் சின்னமாகவே பார்க்கின்றன. ஃப்ளோரிடாவிலுள்ள ஒரு பீட்சா கடை, கார்டன் ஸ்டேட் பார்க்வே சின்னத்தை ஒத்த முத்திரையை வைத்துக்கொண்டதற்காக நியூஜெர்சி டர்ன்பைக் ஆணையம் 2014-ல் வழக்கே போட்டது. படிப்பதற்காக, ஆவணமாக வைப்பதற்காக வரைவதற்கும், சட்டை அச்சிட்டு விற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.

எதில் தொடங்குவது?

எல்லோஸ்டோன் டிரெயிலில் தொடங்குங்கள். ஒரு வட்டம், ஓர் அம்பு, இரண்டு நிறம். இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருள் போதும். முடிந்ததும் அம்பை நான்கு திசைக்கும் திருப்பி நான்கு படங்களாகச் சேமியுங்கள், ஏனென்றால் அந்தச் சின்னத்துக்கு ஒரே ஒரு சரியான நிலை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படத்தோடும் நீங்கள் பார்த்த புகைப்படம் எது, எங்கே எடுத்தது, எதை அளந்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று நாலு வரி எழுதிவையுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் ஊகத்தைத் திருத்த அந்த நாலு வரி வேண்டும்.

அடுத்து லிங்கன் ஹைவேயின் மூன்று பட்டைகள். சுலபமாகத் தெரியும். ஆனால் அந்த நீல 'எல்' ஹைவே காதிக்கில் இல்லை, அந்த எழுத்துக் குடும்பம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது கம்பங்களில் ஏறிவிட்டது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவர் கையால் அடித்தது, ஒன்றைப்போல ஒன்று இருக்காது. பழைய படங்களில் நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலின் நீளத்தையும் தண்டின் தடிமனையும் அளந்து, எந்த ஊர்க் கம்பத்தை வரையப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.